சுண்ணாம்பு, மக்காச்சோளம், இட்லி கிரைண்டர்: வீட்டில் டாக்கோ சுட்ட பதிவு

சென்னை டீமோடு எனக்கு மீட்டிங் வாரத்தில் நான்கு நாள் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கும். முடியும்போது பதினொன்றரை ஆகிவிடும். அதற்குமேல் சமையலறையில் பாத்திரம் உருட்டினால் குழந்தை எழுந்துவிடும். அதனால் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிவந்த முதல் மாதத்திலேயே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. லேப்டாப்பை மூடியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் டாக்கேரியாவுக்கு, அதாவது டாக்கோ விற்கும் மெக்சிகோ கடைக்கு நடப்பேன்.

சின்னக் கடை. ஆறு மேசை, சுவரில் குவாதலூபே மாதா படம், மூலையில் சத்தமில்லாமல் ஓடும் கால்பந்து ஆட்டம். சாதாரண நாளில் ஒரு மணி வரை திறந்திருக்கும். கலிபோர்னியாவில் இரவு இரண்டு மணிக்கு மேல் மது விற்கக் கூடாது என்பது சட்டம். வெள்ளி, சனிக்கிழமைகளில் மதுக்கடைகள் மூடிய கையோடு கூட்டம் நேராக இங்கே வந்து சேரும். வரிசை நடைபாதை வரை நிற்கும். நான் போவது பன்னிரண்டுக்கு முன்னால் என்பதால் நின்று வேடிக்கை பார்க்க முடியும்.

பார்க்க வேண்டியது துரோம்போவை. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பம்பரம் என்று பொருள். சிவந்த மசாலாவில் ஊறிய பன்றிக்கறித் துண்டுகளைச் செங்குத்துக் கம்பியில் அடுக்கடுக்காகக் குத்தி, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் செதுக்கி வைத்திருப்பார்கள். நிஜமாகவே சுற்றிக்கொண்டு நிற்கும் பெரிய பம்பரம் மாதிரிதான் இருக்கும். உச்சியில் தோல் சீவிய அன்னாசி. பக்கத்தில் எரிவாயுத் தீ. சுற்றச் சுற்ற வெளிப்புறம் கருகி முறுகலாகும். முறுகியதை மட்டும் நீளக் கத்தியால் மேலிருந்து கீழே வழித்தெடுப்பார்கள். கறி இடது கையிலிருக்கும் டோர்ட்டியாவில், அதாவது மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் விழும். அப்புறம் கத்தி நுனி மேலே போய் அன்னாசியில் ஒரு கீற்றைச் சுண்டிவிடும். அது பறந்து வந்து கறியின்மேல் உட்காரும். "கோன் தோதோ?" என்று கேட்பார். எல்லாம் போடட்டுமா என்று அர்த்தம், வெங்காயமும் கொத்தமல்லியும். அவ்வளவுதான் அல் பாஸ்தோர் டாக்கோ.

கத்தி பிடிப்பவரை எல்லோரும் மயெஸ்த்ரோ என்று கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் பரோட்டா போடுபவரை மாஸ்டர் என்பது போலவேதான். அறுபதைத் தாண்டியவர், மெக்சிகோவின் புயெப்லா ஊர்க்காரர். அந்த ஊர் இந்தக் கதையில் முக்கியம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேற்காசியாவிலிருந்து குடியேறியவர்கள் அங்கே செங்குத்துக் கம்பியில் கறி சுட்டு, ரொட்டியில் சுருட்டி விற்றார்கள். 'அரபு டாக்கோ' என்று இன்றும் அங்கே அதற்குப் பெயர். ஷவர்மாவின் பங்காளி அது. அந்தக் கம்பி மெக்சிகோ நகரத்துக்குப் போய், ஆட்டுக்கறி பன்றிக்கறியாகி, மசாலாவில் காய்ந்த மிளகாயும், சிவப்பு நிறம் தரும் அச்சியோட்டே விதையும் சேர்ந்து, ரொட்டிக்குப் பதில் மக்காச்சோள டோர்ட்டியா வந்தபோது அல் பாஸ்தோர் பிறந்தது. பெயருக்கு 'இடையர் பாணி' என்று பொருள். கறி மாறிய பிறகும் ஆடு மேய்ப்பவரின் பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

இதை வீட்டில் செய்ய வேண்டும் என்று போன ஜனவரியில் இறங்கினேன். முழுசாகக் கைக்கு வர நான்கு மாதம் ஆனது.

கறியிலிருந்து ஆரம்பித்தேன். எலும்பில்லாத தோள்பட்டைக் கறி இரண்டு கிலோ. ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துப் பாதி உறைய விட்டால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவ வரும். மசாலாவுக்குக் குவாஹியோ மிளகாய் பத்து, ஆன்ச்சோ மூன்று. குவாஹியோ பளபளவென்று நீளமாக இருக்கும். காரம் குறைவு, நிறம் அதிகம். நம் காஷ்மீரி மிளகாய் செய்யும் வேலையை அது செய்கிறது. ஆன்ச்சோ என்பது பொப்லானோ மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தது. உலர்ந்த திராட்சை வாசம் அடிக்கும். இரண்டையும் காம்பும் விதையும் நீக்கி, வெறும் கல்லில் சில வினாடி வாட்ட வேண்டும். கருகினால் கசந்துவிடும், அந்தக் கசப்பை அப்புறம் எதைப் போட்டும் மறைக்க முடியாது. வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, அச்சியோட்டே விழுது 100 கிராம், பூண்டு எட்டுப் பல், சீரகம் ஒரு டீஸ்பூன், கிராம்பு நான்கு, மெக்சிகோ ஓரிகானோ இரண்டு டீஸ்பூன், வினிகர் 120 மில்லி, உப்பு 30 கிராம் சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்தேன்.

இதுவரை தப்பில்லை. தப்பு நடந்தது அன்னாசியில். கடையில் அன்னாசி இருக்கிறதே என்று, புதுப் பழத்தைப் பிழிந்து ஒரு கப் சாற்றை மசாலாவில் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் கறியைத் தொட்டால் விரலோடு வந்தது. மேல்பாகம் கூழ் மாதிரி. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை அறுத்துப் போடும். அரைமணி நேரம் என்றால் கறி மெத்தென்றாகும், பதினான்கு மணி நேரம் என்றால் சிதைந்துவிடும். சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் நொதி செத்துவிடும். டின்னில் வரும் சாறு ஏற்கெனவே சூடுபட்டது, அதையும் பயப்படாமல் ஊற்றலாம். கடையில் அன்னாசி ஏன் உச்சியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது துரோம்போ. அரை வெங்காயத்தில் கம்பியை நட்டு, கறியை அடுக்கி ஓவனுக்குள் நிற்கவைத்தேன். வெந்தது. ஆனால் வெளியே முறுகவில்லை, தன் நீரிலேயே புழுங்கிச் சாம்பல் நிறமானது. கடையில் நடப்பது வேறு வேலை. அங்கே வெளிப்புறத்து ஒரு விரற்கடை மட்டும் நேரடித் தீயில் வேகிறது, வெந்ததை உடனே வழித்துவிடுகிறார்கள், அடுத்த அடுக்கு தீக்கு முகம் காட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேகவைக்கும் ஓவனால் இதைச் செய்ய முடியாது.

எனக்குச் சரிவந்த வழி இது. ரொட்டி சுடும் நீளத் தகரத்தில் கறித் துண்டுகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். நான்கு அடுக்குக்கு ஒருமுறை கொழுப்புள்ள துண்டு ஒன்று. மயெஸ்த்ரோ கைவிரலால் அடுக்கிக் காட்டிச் சொன்னது இது, கொழுப்பு உருகிக் கீழிறங்கி மற்றத் துண்டுகளை நனைக்குமாம். ஃபாயில் போட்டு மூடி ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் இரண்டரை மணி நேரம். ஆறியதும் மேலே கனம் வைத்து ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. மறுநாள் அது கட்டியாக, செங்கல் மாதிரி இறங்கும். அதை முடிந்தவரை மெல்லிசாகச் சீவி, காய்ந்த இரும்புக் கல்லில் எண்ணெயில்லாமல் போட்டால் ஓரம் கருகி, கடைக் கறிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதே கல்லில் அன்னாசிக் கீற்றும். பக்கத்தில்தான் வரும்; அந்தத் தீயின் வாசம் வராது. அதை நான் ஒப்புக்கொண்டு விட்டுவிட்டேன்.

பிப்ரவரி முடியும்போது கறி தயார். கடையில் வாங்கிய பாக்கெட் டோர்ட்டியாவில் வைத்துச் சாப்பிட்டேன். அப்போதும் என்னமோ குறைந்தது. அன்று ராத்திரியே கடைக்குப் போய், கறி எதுவும் வேண்டாம், வெறும் டோர்ட்டியா இரண்டு கொடுங்கள் என்று கேட்டு வாங்கி உப்புத் தொட்டுத் தின்றேன். அங்கேதான் இருந்தது. இந்தக் கடையில் உள்ளே ஓர் அம்மா மாவு உருட்டி அழுத்திச் சுட்டுக்கொண்டே இருப்பார். சூடான டோர்ட்டியாவில் மழை நனைத்த மண்ணும் வறுத்த சோளமும் கலந்தாற்போல ஒரு வாசம். ராத்திரி பசிக்கு மனம் தேடுவது கறியை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மனம் தேடியது அந்த வாசத்தை.

இனி எழுதுவதெல்லாம் டோர்ட்டியா பற்றித்தான்.

முதலில் செய்தது, வீட்டிலிருந்த இந்தியக் கடை மக்காச்சோள மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்தது. தட்டினால் ஓரமெல்லாம் வெடித்தது. கல்லில் போட்டதை எடுக்கும்போது மூன்றாக உடைந்தது. மடித்தால் அப்பளம். மாவு பழசோ என்று நினைத்தேன். மாவில் குற்றமில்லை. அது வெறும் சோளத்தை அரைத்த மாவு; கோதுமையில் இருப்பது போல இழுத்துப் பிடிக்கும் பசைப்புரதம் அதில் கிடையாது. டோர்ட்டியா மாவுக்கு அந்தப் பிடிப்பைத் தருவது சுண்ணாம்பு.

ஆமாம், வெற்றிலையில் தடவுகிற அதே பொருள்தான்: கால்சியம் ஹைட்ராக்சைடு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிடுவதை மெக்சிகோக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அப்படி ஊறிய சோளம் நிக்ஸ்தமால். நவாட்ல் மொழிச் சொல். அதை ஈரத்தோடு அரைத்த மாவு மாசா. சுண்ணாம்பு, சோளத்தின் மேல்தோலைப் பிடித்து நிறுத்தும் பொருளைக் கரைத்துத் தோலைக் கழற்றுகிறது. உள்ளே மாவுச்சத்து பாதி வெந்து பசையாகிறது. அதனால்தான் மாசா உருட்டினால் உருளும், அழுத்தினால் விரியும், மடித்தால் மடங்கும். இன்னொன்றும் செய்கிறது: சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற உயிர்ச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிக்கிறது. சோளம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தச் சுண்ணாம்பு வித்தை கூடப் போகவில்லை. சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளும், பின்னால் அமெரிக்கத் தென் மாநில ஏழைகளும் பெலாக்ரா நோயில் தோல் வெடித்துச் செத்தார்கள். நயாசின்தான் மருந்து என்று 1937-இல்தான் தெரிந்தது. மெக்சிகோவின் கிராமத்துப் பெண்களுக்கு அந்த வேதியியல் தெரியாது; ஆனால் அவர்கள் பானையில் அது எப்போதுமே நடந்துகொண்டிருந்தது. இதைப் படித்த அன்று சாப்பிட்ட டோர்ட்டியாவை நான் வேறு மாதிரிக் கையில் பிடித்தேன்.

இரண்டாவது வழி சுலபமானது. நிக்ஸ்தமாலை அரைத்து உலர்த்திப் பொடியாக்கி விற்கிறார்கள், மாசா ஹரீனா என்று பெயர். மசேக்கா என்ற பிராண்டு இங்கே எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும். 250 கிராமுக்கு 350 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், பிசைந்து ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் ஓய்வு. இந்த ஓய்வைத் தவிர்த்தால் ஓரம் வெடிக்கும். எலுமிச்சையளவு, அதாவது 28 கிராம் உருண்டை. அழுத்தும் கருவியில் மேலும் கீழும் காய்கறிப் பையை வெட்டி விரித்து அழுத்தினேன். உருண்டையை விரலால் கிள்ளினால் விளிம்பு வெடிக்கக் கூடாது, கையில் ஒட்டவும் கூடாது. வெடித்தால் தண்ணீர் தெளி, ஒட்டினால் இன்னும் கொஞ்சம் பொடி. இதற்குக் கை பழக இரண்டு வாரம் பிடித்தது.

சுடுவதில் இரண்டு திருப்பல். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; எண்ணெய் கூடாது. போட்டதும் பதினைந்து இருபது வினாடியில், ஓரம் நிறம் மாறி விட்டுக்கொடுக்கும்போது முதல் திருப்பல். இரண்டாவது பக்கம் ஒரு நிமிடம், அடியில் காப்பிப் புள்ளி விழும்வரை. மறுபடி திருப்பினால், எல்லாம் சரியாக அமைந்திருந்தால், புல்கா மாதிரி உப்பும். முதல் பக்கத்தை அதிக நேரம் விட்டால் அது காய்ந்து விரிசல் விடும், ஆவி வெளியேறிவிடும், உப்பாது. உப்பாத டோர்ட்டியா உள்ளே சரியாக வேகாமல் போகலாம். நடுவில் விரலால் லேசாக அழுத்திவிட்டால் உப்ப உதவும். எடுத்ததும் தடித்த துணியில் அடுக்கி மூடி, பத்து நிமிடம். தன் ஆவியிலேயே அது மிருதுவாகிறது. கல்லிலிருந்து நேரே தின்றால் விறைப்பாக இருக்கிறதே என்று நான் கவலைப்பட்ட நாட்களெல்லாம் இந்தத் துணி தெரியாத நாட்கள்.

மாசா ஹரீனா டோர்ட்டியா நல்லதுதான். வார நாளில் இன்றும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அந்த வாசம் பாதிதான் இருந்தது.

மார்ச்சில் முழு நிக்ஸ்தமாலுக்குப் போனேன். வெள்ளை மக்காச்சோளம், உலர்ந்தது, ஒரு கிலோ. ஸ்வீட் கார்னும் பாப்கார்னும் இதற்கு ஆகாது. ஊறுகாய் போட விற்கும் உணவுத்தரச் சுண்ணாம்பு 10 கிராம்; சோளத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு. வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்குமோ, அதைப் போடாதீர்கள். தண்ணீர் மூன்று லிட்டர். பாத்திரம் எவர்சில்வர் மட்டும். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். தூள் காற்றில் பறந்து கண்ணில் பட்டால் ஆபத்து, முகத்தைத் தள்ளி வைத்துக் கொட்டுங்கள்.

சோளத்தைக் கொட்டியதும் தண்ணீரிலேயே அது வெள்ளையிலிருந்து மஞ்சளாக மாறியது. சமையலறை முழுக்க, வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் தெளித்த வாசம். கொதிக்கவிடாமல், கொதிக்கும் முன்னால் நிற்கும் சூட்டில் நாற்பது நிமிடம். அடுப்பை அணைத்து மூடி, இரவு முழுக்க ஊறல். காலையில் ஒரு சோளத்தை விரலுக்கிடையில் தேய்த்தேன். தோல் வழவழவென்று கழன்றது. கடித்துப் பார்த்தால் சுற்றிலும் வெந்து, நடுவில் சுண்ணக்கட்டி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் மாவு கொழகொழத்துவிடும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசினேன். முதல் தடவை தோலைத் துளிகூட விடாமல் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது தவறு. கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தால்தான் மாவுக்குப் பிடிப்பு.

அரைப்பதற்கு மெக்சிகோவில் மெட்டாட்டே என்ற கல். மூன்று காலில் நிற்கும் அம்மி, மேலே உருட்டக் குழவி. என்னிடம் இருந்தது மேசை கிரைண்டர், 110 வோல்ட்டில் ஓடுவது, மனைவி இட்லிக்காகத் தேடி வாங்கியது. "ஏங்க, உளுந்து அரைக்கிற கல்லுங்க அது. சோளத்தப் போட்டு மக்கர் பண்ண வெச்சிடாதீங்க" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. ஒரு கிலோவையும் மொத்தமாகக் கொட்டி, மாவு தளர்ந்துவிடக் கூடாதென்று தண்ணீரை மிச்சம் பிடித்தேன். நான்காவது நிமிடம் பாத்திரம் நின்றது, மோட்டார் மட்டும் உறுமியது, ரப்பர் கருகும் வாடை. பட்டென்று பிளக்கைப் பிடுங்கினேன். அடிமூடியைக் கழற்றினால் பெல்ட் வழுக்கி வழுக்கி ஒரு பக்கம் பளபளத்துத் தேய்ந்திருந்தது. கல்லுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே சோளம் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது; மரக் கரண்டியால் சுரண்டியெடுக்க அரைமணி நேரம் ஆனது. புது பெல்ட் தபாலில் வர ஒன்பது நாள். மாட்டுவது சுலபம்: சின்னச் சக்கரத்தில் முதலில் ஏற்றி, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே விளிம்பில் ஏற்றினால் தானாக உட்காரும். இழுவிசை சரியா என்று பார்க்க, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு சென்டிமீட்டர் போல உள்ளே போனது, அதற்குமேல் போகவில்லை. அந்த ஒன்பது நாளும் வீட்டில் இட்லி இல்லை. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் கண்டுபிடித்த முறை: ஒரு தடவைக்குக் கால் பங்கு நிக்ஸ்தமால்தான். முதலில் கல் ஓட, தாராளமாகத் தண்ணீர், சோளம் பிடி பிடியாக. மாவு கெட்டியான இட்லி மாவு பதத்தில் வரும், டோர்ட்டியாவுக்கு அது தளர்த்தி. அதில் மாசா ஹரீனாவைத் தூவிப் பிசைந்து பதத்துக்குக் கொண்டுவருகிறேன், அரைத்த மாவில் ஐந்தில் ஒரு பங்கு போகும். கலப்படம் என்று முதலில் மனசு ஒப்பவில்லை. சுட்டுப் பார்த்த பிறகு ஒப்பியது. இரண்டாவது திருப்பலில் டோர்ட்டியா பலூனாக எழுந்தது, ஆவி ஒரு பக்கம் சீறிக்கொண்டு வெளியே வந்தது, கூடவே அந்த வாசம். மண்ணும் சோளமும். குழந்தை அடுப்படிக்கு ஓடிவந்து உப்பினதைப் பிய்த்து வெறுமனே தின்றது.

மேலே ஊற்ற, தக்காளி மாதிரி இருக்கும் தொமாத்தியோ என்ற பச்சைக் காயையும் செர்ரானோ மிளகாயையும் கல்லில் சுட்டு, பூண்டு உப்போடு அரைத்த பச்சைச் சல்சா. பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. டாக்கோவுக்கு டோர்ட்டியா இரண்டு அடுக்குங்கள். சாறு இறங்கி ஒன்று நைந்தாலும் மற்றது தாங்கும், சிந்திய கறிக்கு அது இரண்டாவது டாக்கோவும் ஆகும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழன் இரவு, மீட்டிங் தொடங்குவதற்கு முன்னால் எட்டு டோர்ட்டியா சுட்டு, துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்திருந்தேன். மீட்டிங் முடிந்ததும் கடைக்குக் கொண்டுபோனேன். வரிசையில் யாரும் இல்லை. மயெஸ்த்ரோ ஒன்றை எடுத்து முதலில் முகர்ந்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார். டோர்ட்டியா சுடும் அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் சுட்டதைத் தன் கல்லில் பத்து வினாடி காட்டி, இரண்டாகப் பிய்த்து, கிழிந்த விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மென்றார். தலையை ஆட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்து, "முய் ஃபீனா" என்றார். ரொம்ப நைஸ். மாவு இன்னும் கொஞ்சம் நெறுநெறுவென்று இருக்க வேண்டுமாம். விரலில் குறுமணல் தட்டுப்பட வேண்டுமாம். பிறகு என் டோர்ட்டியா இரண்டை அடுக்கி மயெஸ்த்ரோவிடம் நீட்டினார். அவர் கத்தியை எடுத்து துரோம்போ பக்கம் திரும்பினார், அன்னாசி பறந்து வந்து விழுந்தது. அந்த ஒன்றுக்குக் காசு வாங்கவில்லை.

கிரைண்டரை நான் இருபது நிமிடம் ஓடவிட்டிருந்தேன். இந்தச் சனிக்கிழமை பன்னிரண்டாவது நிமிடத்தில் நிறுத்தி, விரலால் தேய்த்துப் பார்க்கப் போகிறேன்.